வெள்ளிக்கிழமைத் துத்தநாகம்

போன மாதம் ஒரு நாள் காலையில் தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் இப்போது துறைத் தலைவராக உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? உங்க சைட்டேஷன் எத்தனைங்க?"

வேலையை விட்டு வந்தவர்களிடம் சர்க்கரை எத்தனை, பிரஷர் எத்தனை என்று கேட்பதுதான் ஊர் வழக்கம். இவள் சைட்டேஷன் கேட்கிறாள். நாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பிற்பாடு எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்கிற கணக்குதான் அது. கல்லூரியைத் தரம் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களுடைய கணக்கையும் சேர்த்துக் காட்டினால் துறைக்கு மதிப்பெண் கூடுமாம்.

"கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேனுங்க மேடம். உங்க பேர்ல மத்த எல்லாத்துக்கும் மேல ஒண்ணு நிக்குது. ஒரே பக்கம்தான். ஆனா திருத்தக் குறிப்புன்னு போட்டிருக்குது. திருத்தமெல்லாம் கணக்குல சேராதுன்னு ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க. எடுத்துடட்டுங்களா?"

"எடுத்துடு கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது.

"ஏனுங்க மேடம் சிரிக்கறீங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். கவிதா, இதை உன் லேப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு. அங்கே பீக்கரை மூடாமல் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது கிணத்துக்கடவுப் பக்கம். அப்பா தென்னந்தோப்புகளில் காய் உரிக்கவும் பாத்தி கட்டவும் போனவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தது நான்தான். பள்ளிக்கூடம், பட்டம், முதுகலை எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்: படித்தேன், ஹாஸ்டல் சாம்பாரைப் பொறுத்துக்கொண்டேன், பாஸானேன். அதன் பிறகு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். ஆராய்வதற்குக் கிடைத்த பொருள் என்ன தெரியுமா? தேங்காய்! எந்தத் தோப்பை விட்டு வெளியே வர வேண்டும் என்று அப்பா என்னைப் படிக்க வைத்தாரோ, அந்தத் தோப்புக்கே சாக்குப் பையோடு திரும்பிப் போனேன்.

இளநீரை வெட்டிக் குடிக்காமல் அப்படியே வைத்துப் பாருங்கள், மெல்ல ஒரு ரோஸ் நிறம் ஏறும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுப்பதும் இதே சங்கதிதான். இந்த வேலையைச் செய்வது ஒரு நொதி. நொதி என்பது ஒருவகைப் புரதம். இந்த நொதிக்குள் செம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கும், அவற்றை எடுத்துவிட்டால் நொதி சும்மா கிடக்கும். இப்படி உலோகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிற நொதிகள் ஏராளம். அவற்றோடுதான் என் ஆயுளில் பாதி போனது. வாரம் ஒரு முறை தேங்காய் மூட்டையோடு பஸ் ஏறுவேன். "ஏனுங் அம்மணி, ஊட்டுல கல்யாணமுங்களா?" என்று கேட்காத கண்டக்டர் கிடையாது.

என் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் சிவப்பிரகாசம். கொடுமுடிக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் கட்டிய கை. யாரையும் அவர் ஒருமையில் பேசிக் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். நான் ஒரு பிப்பெட்டை உடைத்த அன்று, "ஏனுங்க எஸ்தருங்க, இந்தப் பிப்பெட்டுங்க உங்களுக்கு என்ன பாவமுங்க செஞ்சுதுங்க?" என்று கேட்டார். ஒரு வாக்கியத்தில் ஐந்து 'ங்க' வந்தால் அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியோடு கிழமையும் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "தேதிய அவசரத்துல மாத்தி எழுதிப்போடுவீங்க. கிழமை காட்டிக் குடுத்துருமுங்க" என்பார். அந்தக் கிழமை யாரைக் காட்டிக் கொடுக்கப்போகிறது என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேங்காயிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை ஒரு மெல்லிய பைக்குள் கட்டி, பெரிய பீக்கரில் உப்புக் கரைசலை ஊற்றி, அதில் மிதக்க விடுவோம். வேண்டாத சின்னச் சரக்கெல்லாம் பையின் நுண்துளை வழியாக வெளியே போய்விடும், புரதம் உள்ளே நிற்கும். குளிர் அறையில் ஒரு நாள் முழுக்க இது நடக்கும். சார் தினமும் காலையில் உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பீக்கரின் மேலும் குனிவார். பை சுழல்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, கரைசல் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். சாதாரணப் பார்வை இல்லை. மூக்குக் கண்ணாடி கழன்று உள்ளே விழுந்துவிடுமோ என்று நான் பக்கத்தில் நின்று பயப்படுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு பீக்கருக்குப் பத்து நிமிஷம் பார்ப்பார்.

இரண்டு வருஷம் ஆனபோது எங்கள் நொதியில் செம்போடு துத்தநாகமும் இருப்பதாக உலோகம் அளக்கும் கருவி காட்டியது. இந்த நொதியில் துத்தநாகம் இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. சார் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். "எஸ்தர், உங்க ஆய்வேட்டுக்கு மூணாவது அத்தியாயம் இதுதானுங்க. இனிக் கவலையில்லீங்க" என்றார். "எம்புள்ள தேங்காய்க்குள்ள துத்தநாகத்தக் கண்டுபுடிச்சுப்போட்டா" என்று அப்பா கிணத்துக்கடவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. வேறொரு நாட்டு ஆய்வகத்தார் எங்கள் செய்முறையை அப்படியே செய்து பார்த்தார்களாம். செம்பு இருக்கிறது, துத்தநாகம் இல்லை, விளக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள்.

"மறுபடி செஞ்சு பாருங்க" என்றார் சார். செய்தேன். துத்தநாகம் இல்லை. இன்னொரு முறை செய்தேன். இருந்தது. அடுத்த முறை இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்கச் சில மாதங்களே பாக்கி. மூன்றாவது அத்தியாயம் கண்ணாமூச்சி ஆடுகிறது. அது போனால் ஆய்வேட்டின் நடுவில் பெரிய ஓட்டை, இன்னும் இரண்டு வருஷ வேலை. சாப்பாடு இறங்கவில்லை. ஹாஸ்டலில் காதல் தோல்வி என்று பேசிக்கொண்டார்கள். அதையாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம்.

ஒரு மத்தியானம் பழைய குறிப்பேடுகளை எல்லாம் பரப்பி வைத்து, துத்தநாகம் வந்த சரக்கைப் பீக்கரில் போட்ட நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். வெள்ளி. வெள்ளி. வெள்ளி. அதற்கடுத்ததும் வெள்ளி. தண்ணீர், உப்பு, பாட்டில், தேங்காய் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தேன். கிழமையைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அதிலும் நடுவில் ஒரு திங்கட்கிழமையும் வட்டத்துக்குள் சிக்கி என்னைக் குழப்பியது.

ராமாத்தாக்கா பக்கத்து மேசையில் கண்ணாடிச் சாமான் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வகத்து உதவியாளர். எனக்கு முன்பே அங்கே பல வருஷம் வேலை பார்த்தவர்.

"அக்கா, இந்தத் திங்கட்கிழமை லேப்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் தேதியைக் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். "அன்னைக்குப் பிரதோசமல்லங் அம்மணி! அய்யா நெத்தி நெறையப் பூசிட்டு வந்தாரே. வெள்ளிக்கெழமையும் பிரதோசமும் வந்துதுன்னா எனக்குத்தான் வேல ஜாஸ்தி. அவரு குனிஞ்சு பார்த்துட்டுப் போனா, பீக்கரச் சுத்தி மேசையெல்லாம் வெள்ளை வெள்ளையா உதிர்ந்து கெடக்கும். தொடச்சுத் தொடச்சுக் கை ஓஞ்சு போகுது."

"இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலீங்க?"

"நீங்க கேக்கவே இல்லயே!"

மற்ற நாட்களில் சார் நெற்றியில் இருந்தும் இல்லாதது போல ஒரு கீற்றுதான் இருக்கும். வெள்ளியும் பிரதோஷமும் வந்தால் மூன்று பட்டையாகக் கனமாகப் பூசியிருப்பார். மேசையில் உதிர்ந்ததை அக்கா துடைத்தார். பீக்கருக்குள் உதிர்ந்து, துளை வழியாகப் பைக்குள் போனதை யார் துடைப்பது?

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பீக்கர் வைத்தேன். ஒன்றைத் திறந்து வைத்தேன், இன்னொன்றின் மேல் கண்ணாடித் தகடு போட்டு மூடினேன். சார் வந்தார், இரண்டின் மேலும் குனிந்தார். "இதென்னுங்க, மூடி?" என்றார். "தூசிங்க சார்" என்றேன். பொய்யில்லை. எந்தத் தூசி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அளந்து பார்த்தேன். திறந்ததில் துத்தநாகம் இருந்தது. மூடியதில் இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நான் கிறிஸ்தவப் பெண், தோப்பு வேலைக்குப் போகிறவர் மகள். அவரோ திருநீறு இல்லாமல் வாசற்படி தாண்டாதவர், என் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். 'சார், உங்கள் திருநீறுதான் அசுத்தம்' என்று எந்த வாயால் சொல்வது? இனிமேல் பீக்கரை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வெட்கத்தை விட்டு இதையும் எழுதுகிறேன், இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் சார் கூப்பிட்டார். வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் பதில் தட்டச்சாகி மேசையில் இருந்தது. எங்கள் முடிவில் மாற்றமில்லை, துத்தநாகம் உண்டு என்று அதில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நானும் போட என்னிடம் நீட்டினார். அன்றைய தபாலில் போக வேண்டுமாம்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, பேனாவுல மை இல்லீங்களா?"

பேனாவை வைத்துவிட்டுக் குறிப்பேடுகளை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். சிவப்பு வட்டங்கள், கிழமைகள், காலண்டர் தாள், மூடிய பீக்கரின் அளவு எல்லாம் இருந்தன. வாய் திறந்து நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சார், நீங்க குனிஞ்சு பார்ப்பீங்களே, அப்ப உதிருதுங்க."

அவர் ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கை அவரை அறியாமல் நெற்றிக்குப் போய், பாதியில் நின்று, கீழே இறங்கியது. எத்தனை 'ங்க' வரப்போகிறதோ என்று நான் காத்திருந்தேன்.

"பிரதோஷம்கூடத் தப்பல" என்றார். ஒரு 'ங்க' கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்றார். "வெண்ணெய்த்தாள் ஒண்ணு கொண்டாங்க. சொரண்டறதுக்கு இரும்புக் கரண்டி ஆகாதுங்க, அதுலயே துத்தநாகம் இருந்தாலும் இருக்கும். பிளாஸ்டிக் கொண்டாங்க." கொண்டு போனேன். வழிகாட்டியின் முகவாய்க்குக் கீழே நான் தாளை ஏந்திக்கொண்டு நிற்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் நெற்றியில் இருந்த கீற்றைத் தானே சுரண்டினார். அந்த நேரம் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்த பக்கத்துத் துறை ஆசிரியர் வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார்.

கருவியில் வைத்ததும் துத்தநாகம் எகிறியது. சார் முகம் சுருங்கிவிட்டது. நேராக வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து வந்தவர் கையில் மூன்று பொட்டலம். கொடுமுடியில் அவர் அண்ணன் சாணம் சுட்டுச் சலித்துத் திருநீறு அனுப்புவது வழக்கம். அண்ணன் வீட்டிலிருந்து நேராகக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தது ஒரு பொட்டலம். தன் வீட்டு டப்பாவில் இருந்தது இன்னொன்று. அந்த டப்பாவின் உள்பக்கத்தைச் சுரண்டியது மூன்றாவது. அவரே பக்கத்தில் நின்று மூன்றையும் அளக்க வைத்தார். காகிதத்தில் வந்ததில் துத்தநாகம் பேருக்குத்தான் இருந்தது. டப்பாவில் இருந்ததில் அள்ளியது. சுரண்டலில் சொல்லவே வேண்டாம்.

அது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய தகர டப்பா. சாம்பல் ஒரு காரம். காரம் பட்டால் துத்தநாகம் அரிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பேராசிரியர் வீட்டுப் பூஜை அலமாரியில் அந்தப் பாடம் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"பார்த்தீங்களா எஸ்தர்! திருநீறு மேல தப்பில்லீங்க. டப்பா மேலதானுங்க தப்பு! ஈஸ்வரன் தப்பிச்சுப்போட்டாருங்க!" என்று குழந்தை மாதிரிக் கையைத் தட்டினார். ராமாத்தாக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அன்றைக்குத்தான் மூச்சு விட்டோம்.

உடனே பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு எழுத உட்கார்ந்தோம். முதல் படியை நான் எழுதினேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, 'ஆய்வகத் தூசியினால் துத்தநாகம் கலந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு அவர் கையாலேயே எழுதினார்: 'துத்தநாகம் பூசிய டப்பாவில் வைத்திருந்த, இக்குறிப்பின் இரண்டாம் ஆசிரியரின் நெற்றியிலிருந்த சாம்பல்.'

"சார், உலகம் பூராப் படிப்பாங்க."

"படிக்கட்டுங்க. தூசின்னு எழுதிப்போட்டா அடுத்தவன் எதைப் பார்த்துச் சாக்கிரதையா இருப்பானுங்க?"

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "இரண்டாம் ஆசிரியர் நானல்லங்களா?"

"இனி நானுங்க. கண்டுபுடிச்சவங்க பேரு முன்னால. கொட்டுனவன் பேரு பின்னால."

கவிதா, நீ எடுத்துவிட்ட அந்த ஒரு பக்கம் இதுதான். எதிர்பாராத உலோகம் கையில் சிக்கினால் எந்த நாட்டு ஆய்வகத்தாரும் இன்றைக்கும் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள். தங்கள் தலைவருடைய முகப்பவுடரில் துத்தநாகம் இருந்ததாக ஒருவர் எனக்கு எழுதினார். தன் கைக்குப் போடும் களிம்புதான் காரணம் என்று இன்னொரு அம்மாள் எழுதினார். எல்லோரும் எங்களை மேற்கோள் காட்டினார்கள். பிற்பாடு கொள்ளுப் பயறில் நிக்கல் உள்ள நொதியைப் பற்றி ஐந்து வருஷம் உழைத்து நான் எழுதிய கட்டுரை, என் கணிப்பில் நான் செய்ததிலேயே நல்ல வேலை. அதை மேற்கோள் காட்டியவர்களில் பாதிப் பேர் நானேதான்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. குறிப்பு அச்சேறும் முன் ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி இருந்தது. அதை அனுப்பியபோது, பத்திரிகையில் சரிபார்த்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: சாம்பல்தான் காரணம் என்றால், அதே மனிதர் சாம்பல் இல்லாமல் அதே மாதிரி குனிந்தபோது துத்தநாகம் வரவில்லை என்று காட்டினீர்களா? சந்தேகப்பட்ட பொருளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே செய்து பார்ப்பதற்கு எங்கள் பாஷையில் கண்ட்ரோல் என்று பெயர். எங்களிடம் அது இல்லை. வேறு யாரையாவது குனியச் சொல்லலாமே என்றேன். சார் மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். என் மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துத்தநாகமே இல்லை என்று ஆன பிறகு அந்த அத்தியாயத்தில் என்ன மிச்சம் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் திறந்த பீக்கரோடு குளிர் அறை வாசலில் நின்றிருந்தேன். வராந்தாக் குழாயில் யாரோ வெகுநேரம் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு வந்தவரைச் சட்டென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெறும் நெற்றி! இத்தனை வருஷமும் வெயில் படாத இடம் அங்கே வெளிறித் தெரிந்தது. எதிரே வந்த ராமாத்தாக்கா வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

"அய்யா! ஊட்டுல என்னங்க ஆச்சு? ஆருக்கு என்னங்க?"

"ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க ராமாத்தா" என்றார் சார். "இன்னைக்கு நாந்தான் கண்ட்ரோலுங்க."

உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பீக்கரின் மேல் குனிந்தார். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிஷம், இம்மியும் குறையாமல். நான் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். அந்த நெற்றியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் கருவி பூஜ்யம் காட்டியது. இன்னொரு முறை அளந்தேன், பூஜ்யம்தான். தாளைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். நெற்றியில் திருநீறு பழையபடி இருந்தது. தாளைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மூணாவது அத்தியாயம் போச்சுன்னுதானுங்க இத்தனை நாளாச் சோறு திங்காமச் சுத்திட்டிருக்கீங்க?"

தலையை ஆட்டினேன்.

"இதுதானுங்க மூணாவது அத்தியாயம். வட்டம் போட்டதுலருந்து இந்தப் பூஜ்யம் வரைக்கும் அப்படியே எழுதுங்க. கையெழுத்துப் போட நானிருக்கறனுங்க."

தாளை மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே அடுத்த வாரத்துச் சரக்கு திறந்த பீக்கரில் சுழன்றுகொண்டிருந்தது. முதலில் அதைக் கண்ணாடித் தகடு போட்டு மூடினேன். அப்புறம்தான் அழுதேன்.